மாப்பிள்ளை கையில் கார் சாவி

பெங்களூரில் இப்போது டிரைவர் வைக்காமல் தாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் சுலபமாகக் கிடைக்கிறது. கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து போட்ட கார்களை ஓசூர் ரோட்டில் எந்த நேரமும் பார்க்கலாம். லைசென்சைக் காட்டி முன்பணம் கட்டினால் சாவி கைக்கு வந்துவிடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரயிலில் இடம் கிடைக்காமல் தவிக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு வசதிதான். அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தச் சாவி யார் கைக்குப் போகிறது என்பதை யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்க்கும் மருமகன் விடுமுறையில் வருகிறார். தேவனஹள்ளி விமான நிலையத்தில் நள்ளிரவுக்கு மேல் இறங்குகிறார். மறுநாளே குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பாடு. "டிரைவர் எதற்கு மாமா? அங்கே தினமும் நான்தானே ஓட்டுகிறேன்" என்கிறார். மாப்பிள்ளை சொல்லை மறுத்துப் பேச மாமனாருக்குக் கூச்சம். டிரைவர் படியும் மிச்சம், காரில் ஓர் இடமும் மிச்சம் என்று வீட்டில் மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள். வண்டி கிளம்பிவிடுகிறது.

மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். ஆனால் இந்தப் பாதை அவருக்குப் பழக்கமில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அப்படிப்பட்ட சாலையில் பழக்கமின்மையைச் சிறிய குறையாக எண்ணிவிட முடியாது.

ரயிலில் உள்ள முறை

இருபது வருடம் எஞ்சின் ஓட்டிய டிரைவரையும், புதிய பாதைக்கு மாற்றினால் ரயில்வே உடனே தனியாக ஓட்ட விடுவதில்லை. அந்தப் பாதை தெரிந்த டிரைவருடன் எஞ்சினில் சென்று, சிக்னல் எங்கே இருக்கிறது, ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே, வளைவு எங்கே என்று பார்த்துப் பழக வேண்டும். பழகிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அவரிடம் வண்டி ஒப்படைக்கப்படும். சில மாதங்கள் அந்தப் பாதைக்குப் போகாமல் இருந்தால் மறுபடியும் பழக வேண்டும்.

இத்தனைக்கும் ரயில் தண்டவாளத்தில் ஓடுகிறது. பக்கம் மாறிப் போக வழியில்லை. எதிரே ஆடு மாடு வந்தாலும் ஆட்டோ வராது. அதற்கே அவ்வளவு கட்டுப்பாடு. எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஓசூர் ரோட்டில், இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தவரை மறுநாளே உட்கார வைக்கலாமா?

கை தானாகப் போகும் பக்கம்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வண்டிகள் இடது பக்கம் ஓடுகின்றன. அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, வளைகுடா நாடுகளில் வலது பக்கம். ஒரு நாடே பக்கம் மாறியதும் உண்டு. சுவீடன் 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி இடமிருந்து வலத்துக்கு மாறியது. பர்மா 1970-இல் மாறியது.

வலது பக்கம் பழகியவர் நெரிசலான சாலையில் தவறு செய்வது குறைவு. முன்னே போகிற வண்டி அவருக்கு வழிகாட்டும். ஆபத்து காலியான சாலையில்தான் இருக்கிறது. விடியற்காலையில் டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும், குறுக்கு ரோட்டில் திரும்பும்போதும் கை தானாகவே பழைய பக்கத்துக்குப் போகும். எதிரே லாரி வந்த பிறகுதான் நினைவு வரும்.

காருக்குள்ளும் எல்லாம் இடம் மாறியிருக்கும். அங்கே வலது கையில் இருந்த கியர் இங்கே இடது கையில். பெரும்பாலான இந்தியக் கார்களில் இண்டிகேட்டர் வலது கைப் பக்கம் உள்ளது. திரும்புவதற்கு சிக்னல் போடுவதாக நினைத்து மழைத் துடைப்பானை ஓட விடுவார்கள். தானாக கியர் மாறும் வண்டியையே ஓட்டியவருக்கு கிளட்ச் மிதிப்பதும் மறந்திருக்கும்.

சில வெளிநாடுகளில் எதிரே வருகிற வண்டி விளக்கை மின்னினால் "நீங்கள் போங்கள்" என்று பொருள். நம் நெடுஞ்சாலையில் அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். முன்னே போகிற லாரி வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டால், திரும்பப் போகிறது என்றும் கொள்ளலாம், முந்திப் போ என்று சைகை காட்டுவதாகவும் கொள்ளலாம். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, வர்ணம் அடிக்காத வேகத்தடை, எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை எந்த வெளிநாட்டு லைசென்சும் கற்றுத் தருவதில்லை.

தொப்பூரும் திம்பமும்

பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்கள் தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தைக் கடந்தாக வேண்டும். 2024 ஜனவரியில் அங்கே கட்டுப்பாடு இழந்த லாரி முன்னே சென்ற வண்டிகள் மீது மோதி 4 பேர் இறந்தனர். கோயம்புத்தூருக்குச் சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். 2022 பிப்ரவரி முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-இலிருந்து இரவுத் தடை. ஊட்டிக்குப் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். இவை தெரியாமல் கிளம்பி, இருட்டில் காட்டோரம் குழந்தைகளோடு காத்துக் கிடந்த குடும்பங்கள் உண்டு.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சுற்றுலா சென்ற 7 பேரின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்தே கண்டுபிடித்தார்கள். 5 பேர் பிணமாகக் கிடந்தனர். அவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அல்ல, சொந்த மாநிலத்தார்தான். பாதை புதிதாக இருந்தால் உள்ளூர்க்காரரும் வெளிநாட்டுக்காரரும் ஒன்றே.

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் அது சூடேறி, பிடிக்காமல் போய்விடும். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும். மலைப்பக்கத்து டிரைவர்களுக்கு இது பாலபாடம். பெங்களூர் நெரிசலில் மட்டும் ஓட்டியவருக்கும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காகிதமும் முக்கியம்

வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர், அந்த நாட்டில் பெறும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொண்டு வர வேண்டும். பழைய இந்திய லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் அது செல்லாது. கம்பெனியில் ஒருவர் பேரில் வண்டி எடுத்து, வழியில் வேறொருவர் ஓட்டினால் விபத்தின்போது இன்சூரன்ஸ் சிக்கலாகும். வெள்ளைப் பலகை போட்ட சொந்தக் காரை வாடகைக்கு வாங்குவதும் அப்படியே. சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. மிச்சம் பிடித்த டிரைவர் படி எங்கே, நஷ்டஈட்டுக்குக் கோர்ட்டு ஏறும் செலவு எங்கே?

டிரைவர் வைக்க எல்லோருக்கும் வசதி உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய தொகை. அப்படியானால் மாப்பிள்ளை இரண்டு நாள் தூங்கி எழட்டும். கூட்டம் குறைந்த காலை நேரத்தில் பக்கத்து ரோடுகளில், ஓட்டத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துப் பழகட்டும். பகலில் மட்டும் பயணம் என்று வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளம்பும்போதும் பக்கத்தில் இருப்பவர் "இடது பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். இதற்குக் காசு செலவில்லை. 112, 108 எண்களோடு, நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

வாடகைக் கார் கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. காரில் உள்ள கீறலையெல்லாம் படம் பிடித்துக்கொள்கிறவர்கள், ஓட்டப் போகிறவரைக் கால் மணி நேரம் சோதித்துப் பார்த்தால் என்ன? நியூஸிலாந்தில் சுற்றுலாப் பாதைகளில் தரையிலேயே அம்புக்குறி வரைந்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நினைவூட்டுகிறார்கள். ஸ்டீயரிங்கில் மாட்ட அட்டையும் உண்டு. தேவனஹள்ளியில் சாவி கொடுக்கும்போது அப்படி ஓர் அட்டை கொடுக்கக் கம்பெனிகளுக்குக் கர்நாடக அரசு உத்தரவு போடலாம்.

அதுவரை பொறுப்பு வீட்டுப் பெரியவர்களுடையது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வளர்த்தவர்கள், மாப்பிள்ளை என்பதற்காக வாயை மூடிக்கொள்ளக் கூடாது. அவர் பக்கத்தில் உட்காரப் போவது அவர்கள் பெற்ற பெண். பின் சீட்டில் தூங்கப் போவது பேரப்பிள்ளைகள். "இந்தத் தடவை டிரைவர் வரட்டும், மாப்பிள்ளை" என்று சொன்னால் அரை நாள் முகம் சுளிப்பார். அவ்வளவுதான். கோயிலுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பினால் அந்தச் சுளிப்பும் மறைந்துவிடும்.