வரி கட்டுகிறோம், நூலகத்துக்குப் போகிறோமா?

காரமடை அரங்கநாதர் கோவில் மாசித் தேருக்கு ஊரே திரளும். மற்ற நாளில் ஊர்க்காரர்கள் கூட இடம் எது?

டீக்கடையில் உட்கார்ந்தால் டீ வாங்கணும். கல்யாண மண்டபத்துக்கு வாடகை. கட்சி ஆபீசுக்கு அந்தக் கட்சிக்காரர்தான் போவார். காசு கேட்காத, ஆள் பார்க்காத இடம் ஒன்று உண்டு. அது அரசு பொது நூலகம்!

நூலக வரி

அதற்குக் காசு கொடுப்பதும் நாம்தான். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. கடைக்காரரும் குடித்தனக்காரரும் வாடகை வழியாக இதைச் சுமக்கிறார்கள்.

இதற்கு வழி செய்தது 1948-ல் வந்த சென்னை பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டு பாடுபட்டார். அப்போது கல்வி மந்திரி யார் தெரியுமா? நம்ம தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். காரமடை போகும் வழியில், பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவர்.

வரியை வசூலிப்பது உள்ளாட்சி. செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலான பணம் அங்கே போய்ச் சேராவிட்டால் புதுப் புத்தகமும் வராது, ஓட்டைக் கூரையும் மாறாது. உள்ளாட்சிகள் பாக்கி வைக்கும் புகார் தமிழ்நாட்டில் புதிதல்ல.

கடை அடைத்த பிறகு?

கிளை நூலகங்களுக்குக் காலையில் பேப்பர் பார்க்கப் பெரியவர்கள் வருகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்கள் வருகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள். தோட்டக்காரர் மகனும் மில் தொழிலாளி மகளும் ஒரே மேஜையில்! வாசகர் வட்டம் சுறுசுறுப்பாக உள்ள ஊரில் கூட்டமும் நடக்கும்.

வராதவர் யார்? கடைக்காரர், ஷிப்ட் முடிந்து வருபவர், கோவைக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் குமாஸ்தா. அவர்கள் ஊர் வந்து சேரும் நேரத்தில் பெரும்பாலான கிளை நூலகங்களில் பூட்டுத்தான் தொங்கும். வரி மட்டும் அவர்களிடமும் வசூல்!

கோவை காந்திபுரத்தில் பெரியார் பெயரில் பெரிய நூலகத்துக்கு 2024 நவம்பர் 6-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. நல்ல காரியம். ஆனால் காரமடைக்காரர் தினமும் சாயங்காலம் அதற்காக பஸ் ஏற முடியுமா?

காரமடை 2021-ல் நகராட்சியாக உயர்ந்தது. ஊர் வளர்ந்தால் நூலகமும் வளரணும். ராத்திரி இன்னும் 2 மணி நேரம் திறந்திருக்க வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து பேச ஒரு தனி அறை வேண்டும். வரி ரசீது கையில் இருக்கிறது. கேட்டால் என்ன?