சுவருக்கு அந்தப் பக்கம் விஸ்வநாத்

வெதுருகுப்பத்தில் எங்கள் வீட்டின் நடுவே சுவர் எழும்பியது 1975 பொங்கலுக்கு முந்தின வாரம். நைனாவுக்கும் (சித்தூர்ப் பக்கத்துத் தமிழில் அப்பா அப்படித்தான்) சித்தப்பாவுக்கும் பாகப்பிரிவினை. மாந்தோப்பு, மாடு எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்கள் பிரித்தார்கள். கிணற்றுப் பங்கைச் சித்தப்பா விட்டுக்கொடுத்துவிட்டு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டார். அதோடு என் கிரிக்கெட்டும் அந்தப் பக்கம் போயிற்று.

எனக்கு ஒன்பது வயது. ஆங்கில வர்ணனை புரியாது. சித்தப்பாதான் தமிழில் சொல்வார். இப்போது அவரோடு பேசினால் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்று நைனாவின் உத்தரவு.

ஜனவரி 11-ல் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட் தொடங்கியது. ஈரம் காயாத சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புரிந்தவை ஆட்டக்காரர்களின் பெயர்களும் எண்களும்தான். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். வந்தவரெல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருக்க, குண்டப்பா விஸ்வநாத் மட்டும் நின்றார். எல்லாம் கலைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் போகாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். திடீரென்று டிரான்சிஸ்டரின் சத்தம் கூடியது. எனக்காகத்தானா? சித்தப்பாவிடம் கேட்டதில்லை.

சந்திரசேகர் அவுட்டானபோது இந்தியா 190, விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. அந்த மூன்று ரன்னுக்காக அழுதேன். சுவருக்காக அதுவரை அழவில்லை. அம்மா வேறு காரணம் என்று நினைத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் நினைத்தது தப்பென்று சொல்ல மாட்டேன்.

இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. விஸ்வநாத் 14 டெஸ்ட் சதங்கள் அடித்தவர்; ஆனாலும் பலர் முதலில் சொல்வது இந்த 97-ஐத்தான்.

1980 பிப்ரவரியில் பம்பாயில் பொன்விழா டெஸ்ட். விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தடுமாறிய ஆட்டத்தில், அம்பயர் அவுட் கொடுத்த பாப் டெய்லரை அவர் திருப்பி அழைத்தார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது.

பேப்பரைப் பார்த்த நைனா, "பிழைக்கத் தெரியாதவன்" என்றார். சித்தப்பாவைப் பற்றியும் இதே வார்த்தைதான் சொல்வார்.

"போனவரைக் கூப்பிட்டாரே நைனா" என்றேன். அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

சுவரில் ஒரு கதவு வைக்க இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் விஸ்வநாத் தன் கடைசி டெஸ்டை ஆடி முடித்திருந்தார்.