வினைமுதல் இல்லாத தொடர்

தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை என்று வகுப்பில் நாம் விளக்கிக்கொண்டிருக்கும்போது, "இவற்றால் வாழ்க்கைக்குப் பயன் என்ன?" என மாணவர் சிலர் வினவுவதுண்டு. அவர்களுக்கு விடையாக ஒரு தொடரை இங்கே எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

2020ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர், 20 டாலர் கள்ளநோட்டைக் கொடுத்தார் என்ற ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டார். கைவிலங்குடன் தரையில் கிடத்தப்பட்ட அவரது கழுத்தின்மீது, டெரக் சாவின் என்னும் வெள்ளையினக் காவலர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். மூச்சுவிட இயலவில்லை என்று அம்மனிதர் மன்றாடினார், தம் அன்னையை அழைத்தார், பின்னர் அடங்கிப்போனார். அந்நகரக் காவல்துறை முதலில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்போ, காவலர் நடவடிக்கையின்போது நேர்ந்த மருத்துவ நிகழ்வை அடுத்து ஒருவர் இறந்தார் என்னும் பொருள்பட அமைந்திருந்தது. 'இறந்தார்' என்பதற்கு அதில் எழுவாய் உண்டு. இறக்கச் செய்த வினைமுதல் இல்லை. அறிக்கை முழுவதிலும் முழங்காலும் இல்லை, கழுத்தும் இல்லை. இலக்கணப்படி பிழை காண இயலாத தொடர்தான். அதனினும் கொடிய பொய்யொன்றை நாம் படித்ததில்லை.

அவ்விடத்தில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணொருத்தி தன் கைப்பேசியில் அனைத்தையும் பதிவு செய்தாள். அஃதின்றேல் அவ்வறிக்கையே வரலாறாக நிலைத்திருக்கும்.

சட்டம் இல்லாமையால் நேர்ந்த கொடுமையன்று இது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுத்தலாகாது என்னும் 14ஆவது திருத்தம் 1868லேயே அந்நாட்டு அரசியலமைப்பில் இடம்பெற்றுவிட்டது. படச்சான்று மட்டும் போதும் என்பதற்கும் இல்லை. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைக் காவலர்கள் தடிகளால் தாக்கியதை ஒருவர் படம்பிடித்தார். உலகமே அதனைக் கண்டது. எனினும் 1992 ஏப்ரல் 29 அன்று, வழக்கிற்குள்ளான நான்கு காவலருள் ஒருவரைக்கூட நடுவர் குழு குற்றவாளி எனத் தீர்க்கவில்லை. அதனை அடுத்து மூண்ட கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் இருவரைத் தண்டித்தது, இத்தனை உயிர்கள் போன பின்னர்.

சாவின் வழக்கில் நிலைமை வேறாயிற்று. பதிவோடு பார்த்தோர் சாட்சியமும் மருத்துவர் சாட்சியமும் சேர்ந்தன என்பது மெய்யே. ஆயினும் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. அந்நகரின் காவல்துறைத் தலைவரே 2021 ஏப்ரலில் நீதிமன்றம் ஏறி, தம்மிடம் பணியாற்றிய அக்காவலரின் செயல் துறையின் நெறிகளுக்கு மாறானது எனச் சாட்சி கூறினார். முதல் அறிக்கையில் விடுபட்ட வினைமுதலை அத்துறையின் தலைவரே நிரப்பினார் எனலாம். சாவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

தமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயம் பணிக்கின்றது. கறுப்பரைவிட வெள்ளையருக்கு நிறத்தால் மேன்மையில்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் அறிவித்தார்கள். இவ்விரண்டையும் நாம் தனித்தனியே போற்றுகின்றோம். சேர்த்துப் பார்ப்பது அரிது. அயலார் இழைக்கும் அநீதிக்குச் சாட்சி கூற யாருக்கும் தயக்கமில்லை. நம்மவர்க்கு எதிராக வாய் திறப்பதில்தான் சமத்துவம் உரைத்துப் பார்க்கப்படுகின்றது.

பிலால் (ரலி) அவர்கள் கஅபாவின்மீது ஏறி நின்று பாங்கு சொன்ன வரலாற்றை மீலாத் மேடைகளில் நாம் கண்ணீர் மல்கக் கேட்கின்றோம். பெண் பார்த்துத் திரும்பும் வழியில், "எல்லாம் சரிதான், நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூறுவார். வண்டியில் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. இச்சொற்களை எழுதும் நாமும் அவ்வண்டியில் இருந்திருக்கின்றோம். பின்னர் அப்பெண்ணின் வீட்டாருக்குச் சொல்லியனுப்பப்படும் செய்தி, "சம்பந்தம் அமையவில்லை" என்பதே.