13 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பிய டிரம்மர்: ட்ரீம் தியேட்டர் இசையில் மாறியது என்ன?

அமெரிக்காவின் 'ட்ரீம் தியேட்டர்' இசைக்குழு தன் 16-வது ஸ்டுடியோ ஆல்பமான 'பாராசோம்னியா'வை 2025 பிப்ரவரி 7-ம் தேதி வெளியிட்டது. பாட்டு எப்படி இருக்கிறது என்பதைவிட, டிரம்ஸ் எப்படி இருக்கிறது என்றுதான் ரசிகர்கள் முதலில் கேட்டார்கள். காரணம் மைக் போர்ட்னாய். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், 2010-ல் வெளியேறி 2023 அக்டோபரில் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் மைக் மாங்கினி வாசித்த ஐந்து ஆல்பங்கள் வந்துவிட்டன.

'டிரம்மர்தானே, ஆளை மாத்தினா என்ன?' என்று தோன்றலாம். மற்ற ராக் குழுக்களில் அது ஓரளவுக்கு உண்மையும்கூட. புரோக்ரெசிவ் ராக்கில் கதை வேறு.

டிரம்மருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

வழக்கமான ராக் பாட்டு நான்கு எண்ணிக்கையில் போகும். நம்மூர் கணக்கில் சொன்னால், 'தகதிமி'. புரோக்ரெசிவ் ராக் அங்கே நிற்காது. ஏழுக்குப் போகும் (தகிட தகதிமி), ஐந்துக்கு வரும், ஒன்பதைத் தொடும். எல்லாம் ஒரே பாட்டுக்குள். இந்தக் குழுவின் 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' ஆறு நிமிடச் சொச்சம்தான். அதில் தாளக் கணக்கு நூறு தடவைக்கு மேல் மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கிட்டாரும் கீபோர்டும் இப்படித் தாவும்போது, கேட்பவரின் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது டிரம்ஸ்தான்.

போர்ட்னாயின் வேலை அதோடு முடியவில்லை. 1985-ல் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் ஜான் பெட்ரூச்சி, ஜான் மியுங் ஆகியோருடன் குழுவைத் தொடங்கியவர் அவர். 1999-ல் வந்த 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'யிலிருந்து 2009 வரை பெட்ரூச்சியுடன் சேர்ந்து ஆல்பங்களைத் தயாரித்ததும் அவர்தான். பின்குரல் பாடினார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட தன் அனுபவத்தை வைத்து, ஐந்து ஆல்பங்களில் தொடரும் பாடல் வரிசை ஒன்றை எழுதினார். இன்றைய கச்சேரியில் எந்தப் பாட்டு என்பதை முடிவு செய்ததும் அவரே. ஆக, 2010-ல் காலியானது ஒரு நாற்காலி இல்லை, நாலைந்து.

பிரிவு எப்படி நடந்தது?

போர்ட்னாய் கொஞ்ச காலம் ஓய்வு எடுக்கலாம் என்றார். மற்றவர்கள் தயாராக இல்லை. அப்போது அவர் டிரம்மரை இழந்திருந்த 'அவெஞ்ச்டு செவன்ஃபோல்டு' குழுவுக்கும் வாசித்துக்கொண்டிருந்தார். செப்டம்பரில் விலகல் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் குழுவும் அவரிடமிருந்து பிரிந்தது. அவர் திரும்பி வரக் கேட்டபோது, ட்ரீம் தியேட்டர் வேறு ஆளைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது.

அந்தத் தேர்வே ஒரு தனி நிகழ்ச்சி. உலகின் ஏழு முன்னணி டிரம்மர்களை நியூயார்க்குக்கு வரவழைத்து வாசிக்கச் சொன்னார்கள், ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். வென்ற மாங்கினி பெர்க்லீயிலேயே ஆசிரியர். வேக டிரம்மிங்கில் உலக சாதனை வைத்திருந்தவர். நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தார்.

மாங்கினி காலத்தில் என்ன மாறியது?

2011-ல் வந்த 'எ டிராமாட்டிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸ்' ஆல்பத்திலேயே விடை இருக்கிறது. பாடல்கள் உருவானபோது மாங்கினி அந்த அறையில் இல்லை. பெட்ரூச்சி கணினியில் டிரம்ஸை வடிவமைத்தார், அதை எடுத்து மாங்கினி தன் வழியில் வாசித்தார். அதாவது டிரம்ஸ் முதன்முறையாக வெளியிலிருந்து எழுதப்பட்டது.

அடுத்தடுத்த ஆல்பங்களில் அவரும் உருவாக்கத்தில் பங்கெடுத்தார். ஆனாலும் அந்தக் காலத்து ஒலிக்கு ஒரு தனி குணம் உண்டு. கிட்டார் எங்கே அடிக்கிறதோ டிரம்ஸ் அங்கேயே துல்லியமாக விழும். சும்மா சொல்லக் கூடாது, வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவர் வாசிப்பது பிரமிப்புதான். போர்ட்னாய் அப்படி இல்லை. ஒரே கிட்டார் துண்டு நான்கு முறை வந்தால் நான்கு விதமாக அடிப்பார், நடுவில் ஒரு பெரிய உருட்டு உருட்டுவார், கூட்டத்தைப் பார்த்துக் கத்துவார். முன்னவரிடம் கணக்கு சுத்தம், பின்னவரிடம் ஆட்டம் அதிகம். 'இயந்திரம் மாதிரி இருக்கு' என்று மாங்கினி மீது வைக்கப்பட்ட புகார் பாதிதான் நியாயம். மீதிப் பாதி, பாட்டு எழுதப்பட்ட விதத்தின் விளைவு. பெட்ரூச்சி தனித் தயாரிப்பாளரான பிறகு எல்லாமே அதிகம் திட்டமிடப்பட்டவையாக மாறின. 2016-ல் வந்த 'தி அஸ்டானிஷிங்' இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் கதை ஆல்பம். அதில் டிரம்ஸ் பெரும்பாலும் பின்னணி வாத்தியம்தான்.

இதில் ஒரு முரண். குழுவுக்கு முதல் கிராமி விருது கிடைத்தது 2022-ல், 'தி ஏலியன்' பாடலுக்கு. அதில் டிரம்ஸ் வாசித்தவர் மாங்கினி. அடுத்த ஆண்டே அவர் இடம் போனது.

திரும்பி வந்தபின்?

சமரசம் திடீரென்று நடக்கவில்லை. 2020-ல் பெட்ரூச்சியின் தனி ஆல்பத்தில் போர்ட்னாய் வாசித்தார். பாடகர் ஜேம்ஸ் லாப்ரியுடன் இருந்த பல ஆண்டு மனத்தாங்கல் 2022-ல் தீர்ந்தது. முடிவைத் தான் புரிந்துகொள்வதாகச் சொன்ன மாங்கினி, போர்ட்னாயின் எல்லாப் பொறுப்புகளையும் ஏற்பது தன் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை என்றும் நினைவூட்டினார். 12 ஆண்டுகள் குழுவைத் தாங்கியவர் சொன்ன இந்த வார்த்தைகளில் கசப்பு இல்லை. ஆனால் அவர் எந்த வரையறைக்குள் வைக்கப்பட்டிருந்தார் என்பது அதில் தெரிகிறது.

'பாராசோம்னியா'வைக் கேட்டால் பழைய உருட்டல்கள் திரும்பியிருப்பது முதல் சில நிமிடங்களிலேயே புரியும். தூக்கக் கோளாறுகளைச் சுற்றி எழுதப்பட்ட இருண்ட, கனமான ஆல்பம். 'மிட்நைட் மெசையா' பாடலின் வரிகள் போர்ட்னாயுடையவை. ஆனால் தயாரிப்பாளர் இடத்தில் பெட்ரூச்சி பெயர் மட்டுமே இருக்கிறது. 2009-ல் அந்த இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. பழைய கை வந்துவிட்டது, பழைய அதிகாரம் முழுசாக வரவில்லை. ஒலி 2009-க்கே போய்விடாமல், 15 ஆண்டுகளில் பெட்ரூச்சி பழக்கப்படுத்திய ஒழுங்கின் மேல் போர்ட்னாய் ஏறி ஆடுவது போல இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

2024 அக்டோபர் 20-ம் தேதி லண்டனில் தொடங்கிய 40-ம் ஆண்டு சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரியில், மாங்கினி காலத்துப் பாடல்கள் இரண்டு இடம்பெற்றன: 'பார்ஸ்டூல் வாரியர்', 'திஸ் இஸ் தி லைஃப்'. தான் இல்லாதபோது உருவான அந்தப் பாட்டுகளை போர்ட்னாய் தன் பாணியில் வாசித்தார். கிராமி வென்ற 'தி ஏலியன்' அன்றைய பட்டியலில் இல்லை.