குரு வேண்டாம் என்பவருக்கு

சிங்கப்பூர் டோபி காட்டில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில், வீட்டிலேயே விமானம் செய்ய ஆசைப்படும் இளைஞர்களிடம் ஒருவர் பேசினார். "வரைபடம் இருக்கிறது, காணொளி இருக்கிறது, நிபுணர் எதற்கு? ரைட் சகோதரர்களுக்கு யார் குரு?" என்றார். கைதட்டலும் விழுந்தது. நம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடும் பேச்சு இது.

1899இல் வில்பர் ரைட் முதல் வேலையாக, பறத்தல் பற்றிய நூல்களைக் கேட்டு ஸ்மித்சோனியனுக்குக் கடிதம் போட்டார். மறு ஆண்டு ஆக்டேவ் சனூட் என்ற மூத்த பொறியாளருக்கு எழுதினார். பத்தாண்டுகள் நூற்றுக்கணக்கில் கடிதங்கள் போய்வந்தன. சனூட் அவர்களுடைய முகாமுக்கே வந்து பார்த்தார். இதைப் படிக்காமலே மேடையேறிவிட்டார் பேச்சாளர்.

1911இல் ஃபேரர் பார்க் பந்தயத் திடலில் கிறிஸ்டியன்ஸ் என்ற விமானி பறந்ததையும் துணைக்கு அழைத்தார். அதுவோ வீட்டில் கட்டியதல்ல, பிரிஸ்டல் கம்பெனி தயாரித்த விமானம். மும்பை காந்திவலியில் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவையும் இழுத்தார். யாதவ் ஜெட் ஏர்வேஸ் விமானியாக இருந்தவர் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். அதிகாரிகள் இழுத்தடித்து 2019இல்தான் அவருக்குப் பறக்க அனுமதி கிடைத்தது. அந்தத் தாமதம் எனக்கும் ஆத்திரமூட்டுகிறது. அதற்காக, கோப்பை நகர்த்தாத அதிகாரியும் தகடுகளை இணைக்கும் ரிவெட்டைத் தடவிப் பார்க்கும் நிபுணரும் ஒருவராகிவிடுவார்களா?

ரிவெட் துளையின் மையம், தகட்டு ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். குறைந்தால் ஓரம் விரிசல் விடும். விதியைக் காணொளி சொல்லித்தரும். உங்கள் தகட்டில் எந்தத் துளை தப்பிப்போனது என்பதை அருகில் நின்று பார்ப்பவர்தான் சொல்ல முடியும். இறக்கையை மூடிய பிறகு அவராலும் முடியாது. சொந்தமாக விமானம் கட்டுவோருக்கான அமெரிக்காவின் இஏஏ சங்கத்தில் அனுபவசாலிகள் கட்டுமானத்தின்போதே சம்பளமில்லாமல் வந்து பார்ப்பது இதற்காகத்தான்.

பாடகர் ஜான் டென்வர் 1997இல் வாங்கிய லாங்-ஈஸி விமானம், ஒருவர் சொந்தமாகக் கட்டியது. வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் எரிபொருள் வால்வை விமானியின் கால்களுக்கு நடுவே வைத்திருந்தார். கட்டியவரோ அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். உட்கார்ந்தபடி எட்டவில்லை. கைப்பிடியில் வைஸ் கிரிப் இடுக்கியை மாட்டிப் பார்த்தார்கள், அப்போதும் எட்டவில்லை. அப்படியே கிளம்பிய டென்வர், அக்டோபர் 12 அன்று மான்ட்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். பறக்கையில் அந்த வால்வைத் திருப்ப முயன்றதே விபத்துக்கு வழிவகுத்தது என்றது அமெரிக்க விசாரணை வாரியம். கட்டும்போதே அந்த இருக்கையில் ஒரு நிபுணரை உட்காரவைத்திருந்தால், கையை நீட்டிய மறுநொடியே சொல்லியிருப்பார். பேச்சாளர் அடுத்த மேடையில் இந்த வால்வைப் பற்றிப் பேசட்டும்.