பழகிப்போன புண்கள்

2009 இல் வலைஞர்மடத்தில் ஷெல் பட்ட அண்ணா ஒருவரை அண்மையில் சந்தித்தேன். கணுக்காலுக்கு மேலே உள்ள புண் இன்னமும் காய்வதும் வெடிப்பதுமாக இருக்கிறது. "பழகிப்போச்சு தம்பி" என்றார்.

புற்றுக்கட்டி என்பது ஆறாத காயம் என்று 1986 இல் எழுதியவர் அமெரிக்க நோயியலாளர் ஹரோல்ட் ட்வொராக். வெறும் உவமையல்ல அது. காயம்பட்ட இடத்தில் குருதிக்குழாய்கள் கசியும், வெண்குருதிக் கலங்கள் குவியும், புதிய குழாய்கள் முளைக்கும். வேலை முடிந்ததும் அந்த அழற்சி அடங்கிவிடும். புற்றுக்கட்டியோ அதை அடங்கவே விடுவதில்லை. குழாய்களைக் கசியவைக்கும் புரதமொன்றை 1983 இல் அவரது குழு அறிவித்தது. இன்று அதற்குப் பெயர் வீஈஜிஎஃப். குழாய்ச் சுவர்க் கலங்களிலுள்ள வாங்கிகளில் அது பொருந்தும்போது புதிய குழாய்கள் வளர்கின்றன. 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் மருந்து, அந்தப் புரதம் வாங்கியை அடையாமல் தடுக்கிறது.

நமக்கு முக்கியமானது மறுபக்கம். நெடுங்காலம் ஆறாத புண், எரிகாயத் தழும்பு, சீழ் வடியும் எலும்பு ஆகியவற்றில் புற்றுநோய் தோன்றலாம். மார்ஜொலின் புண் என்பார்கள். அரிதுதான், ஆனால் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே வரும். நம்மவர்களின் காயங்கள் இப்போது அந்த வயதை எட்டுகின்றன.

காயப்பட்டோர் விபரம் கேட்டு வந்த படிவங்கள் பலவற்றை அண்ணா நிரப்பியிருக்கிறார். துணியை அவிழ்த்துக் காட்டச் சொன்னவர் எவருமில்லை. புண்ணின் ஓரம் தடித்தால், நாற்றம் கூடினால், தொட்டதும் இரத்தம் வந்தால், சிறு திசுத்துண்டை எடுத்துப் பரிசோதிக்கும்படி வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த கிளினிக்கிற்கு அவரோடு நானும் போகிறேன்.