ஃபேன்டஸி கைடு வாங்கும் முன்

1) ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் பார்க்கிற தம்பிகளே, ஐபிஎல் ஃபேன்டஸி டீம் போட கைடு தேடுறீங்களா? ரெண்டு கைடைப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

2) நல்ல கைடு யாருக்குக் காயம், யார் எத்தனாவதா இறங்குவார், கடைசி ஓவர் யாருக்குன்னு சொல்லும். போன சீசன்ல பொய்த்த கணிப்பையும் மறைக்காது.

3) "100% கேரண்டி, பணம் கட்டுங்க"ன்னா? ஒரே வாரத்துல சர்க்கரை குணம்னு விற்கிற லேகியம் மாதிரிதான். ராத்திரி மேட்சுக்கு 7 மணி டாஸ்லதான் ஆடும் அணியே உறுதியாகும்.

4) 2025 ஆகஸ்ட் மத்திய சட்டம் வந்ததும் ட்ரீம்11 பணப் போட்டிகளையே நிறுத்திடுச்சு. இன்னும் பணம் கட்டச் சொல்ற ஆப் பக்கம் இழுக்கிற கைடை உடனே விடுங்க.

5) விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கத் தோணுதா? அது சூதாட்ட நோயோட அறிகுறி. சிகிச்சை இருக்கு. டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.